கோணியில் மிஞ்சிய உப்பு

என் மனைவி இறந்த மறு வருஷம் ஆம்பூர் வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு விட்டேன். வீட்டில் இன்னொரு மனிதர் இருமுகிற சத்தம் காதில் விழ வேண்டும் போலிருந்தது. மகள் மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போன் செய்வாள். மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று கேட்பாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கும் ஒன்றுமில்லை, சொல்ல எனக்கும் ஒன்றுமில்லை. ஆறு அறைகள், பதினோரு ஜன்னல்கள் உள்ள வீடு. பதினோரு ஜன்னலையும் தினமும் திறந்து மூடுவது ஒரு வேலையாக இருந்தது.

குடிவந்தவர் பச்சைத்தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். அறுபதை நெருங்கும் கணவன் மனைவி இருவர் மட்டும். ஒரே மகளை அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டேன். உப்புப் போட்டு வந்த ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து, கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்று என்று வீசுவார். நான் முப்பத்து மூன்று வருஷம் தோல் பதனிடும் ஒரு டேனரியின் சோதனைக் கூடத்தில் இருந்தவன். குரோமியம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கொதிநீரில் போட்டால் எத்தனை டிகிரியில் சுருங்குகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை தோல் பார்ப்பீர்கள் என்று கேட்டால் பாய் சிரிப்பார்.

"எண்ணிக்கினு இருந்தா பேஜார் சார். கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது."

சாயங்காலம் ஆனால் பின்பக்கம் என் அறைக்கு வந்து உட்காருவார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, உருது மட்டும்தான். நான் தினத்தாளைச் சத்தமாகப் படிப்பேன். இடையிடையே, "இன்னா சார், நேத்து இதேதான படிச்சீங்க" என்பார். என் ஒரு நாளில் நான் வாயைத் திறக்கும் பொழுது பெரும்பாலும் அதுதான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் கோடை தொடங்கும்போது, ஒரு திங்கட்கிழமை, அவருடைய மனைவி என் அறைக் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் அதுவரை வாசல்படி தாண்டி வந்தது கிடையாது.

"அண்ணா, அவரு காலைல ஃபாரஸ்ட் ஆபீசுக்குப் போனாரு. இன்னும் வரல. ஒரு மூட்டை எடுத்துக்கினு போனாரு."

"என்ன மூட்டை?"

"புலித்தோலாம். எனக்கே இன்னிக்குதான் சொன்னாரு."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். வனச்சரக அலுவலகத்தில் பாய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு கோணி மூட்டை. அதன் வாயில் அரக்கு முத்திரை வைத்துச் சீட்டுக் கட்டியிருந்தார்கள். ரேஞ்சர் நாற்பது வயதுக்காரர். மரியாதையாகவே பேசினார்.

"உங்க குடித்தனக்காரரா? சிறுத்தை ரோட்டுல செத்துக் கிடந்துச்சுன்னு சொல்றாரு. நீங்க தோல் லைன்ல இருந்தவரு, நீங்களே சொல்லுங்க சார். ஒரு கத்திக் காயம் இல்ல. குண்டு பட்ட ஓட்டை இல்ல. காதோட, நகத்தோட உரிச்சிருக்காரு. வழியில போறவன் உரிச்ச மாதிரியா இருக்கு?"

"அவருக்குத் தொழிலே தோல்தானே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அந்த மாதம் மலையடிவாரத்தில் சிறுத்தை ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. யாரோ ஒரு செத்த ஆட்டில் விஷம் வைத்திருந்தார்கள். வைத்தவனைப் பிடி என்று மேலிடம் ரேஞ்சரை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, சிறுத்தைத் தோலைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்திருக்கிறார் பாய். விஷம் வைத்ததும் இவர்தான் என்று அன்று சாயங்காலமே ரிமாண்டு செய்து வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நடந்ததை ஜெயிலில் பார்த்தபோதுதான் முழுதாகச் சொன்னார். பள்ளிகொண்டா பக்கம் ஒரு கிராமத்தில் தோல் பேசிவிட்டு, விடிகிற வேளையில் வண்டியில் திரும்பியிருக்கிறார். நாலு வழிச்சாலைக்காக மண் கொட்டி வைத்திருந்த இடத்தில் சிறுத்தை கிடந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் உடம்பில் சூடு ஆறவில்லை.

"நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே, பாய்."

"வரத்தான் பார்த்தேன். வண்டியக் கூட ஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன் சார். அந்த மாதிரி ஒரு தோலு. இன்னும் கொஞ்ச நேரம் போனா லாரி ஏறிடும், நாய் இழுத்துடும். கை சும்மா இருக்கல."

இதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தவிர வேறு எந்த ஊர்க்காரனிடம் சொன்னாலும் நம்ப மாட்டான். எங்கள் ஊரில் செத்த மிருகத்தைப் பார்த்தால் முதலில் தோல் எப்படி இருக்கிறது என்றுதான் கண் போகும். அழுகுவதற்குள் உப்புப் போட வேண்டும் என்று பதறும். பாய் பதறியிருக்கிறார். வண்டிப் பெட்டியில் கத்தி இருந்தது. உடலைப் பள்ளத்தில் போட்டு மண் தள்ளினார். மறுநாள் அதன்மேல் ரோடு ரோலர் ஓடிவிட்டது. மண்டியிலிருந்து உப்பு எடுத்துவந்து தோலைக் கோணியில் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாள் அலுவலகம் விடுமுறை. மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"வச்சிக்கணும்னு நெனச்சா நான் ஏன் சார் ஆபீசுக்குப் போறேன்?" என்றார். பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்தி, "உரிக்கிறப்போ பார்த்தேன். இடது விலாவுல உள்பக்கம் ரத்தம் கன்னிப்போய் இருந்துச்சு. அடிபட்ட மாட்டுத் தோலுல பார்ப்போமே, அதே மாதிரி. பக்கத்துல கண்ணாடி வேற உடஞ்சி கிடந்துச்சு, லைட்டுக் கண்ணாடி. ரேஞ்சர் கிட்ட சொன்னேன். அவரு எழுதிக்கவே இல்ல."

தாமதமாகத் தெரிவித்தது ஒரு சின்னக் குற்றம். கொன்றதற்கு வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஏதோ ஒரு வண்டி அடித்துத்தான் அந்தச் சிறுத்தை செத்தது என்று காட்டினால் அவர் வீட்டுக்கு வரலாம். காட்டாவிட்டால், அந்த முன்பகுதியை நான் இன்னொருவருக்கு விட வேண்டியிருக்கும். இப்படி யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் யோசித்தேன்.

வண்டியைத் தேடக் கிளம்பினேன். முன்பக்கம் உடைந்த வண்டி எங்கேயாவது வெல்டிங்குக்கு நின்றிருக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் ஏறி, பட்டறை தெரிந்த இடத்தில் எல்லாம் இறங்கினேன். பள்ளிகொண்டாவிலிருந்து மேற்கே நாட்றம்பள்ளி வரை இருபத்தாறு பட்டறைகள் இருந்தன. எல்லாரும் என்னை இன்ஷூரன்ஸ் ஆள் என்று நினைத்தார்கள். மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடுமோ என்று தினமும் வானத்தைப் பார்த்தேன். ஏப்ரலில் எங்கள் பக்கம் எங்கே மழை? இருந்தாலும் பார்த்தேன்.

பத்தொன்பதாவது பட்டறையில் ஒரு மெக்கானிக், ஷூ மேல்பாகம் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற வேன் ஒன்று அந்த வாரம் வந்ததாகச் சொன்னார். கிரில் வளைந்து, ஒரு லைட்டு போயிருந்ததாம்.

"மாட்டை அடிச்சிட்டேன்னு சொன்னாரு டிரைவர். புது கிரில் மாட்டி அனுப்பிட்டேன்."

"பழசு?"

"தோ, அந்தக் குப்பையில கிடக்கும். பெருசு, எடைக்கு எடுத்துக்கப் போறியா?"

குப்பையைக் கிளறினேன். கிரில்லின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே காய்ந்த கறுப்புக் கறை. அதில் முடி ஒட்டியிருந்தது. மஞ்சளும் கறுப்புமாகக் குட்டை முடி. நான் தொடவில்லை. மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

"இன்னாது இது, மாட்டு முடி மாதிரி இல்லையே."

"இல்லை" என்றேன். "தயவுசெய்து இதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

"தொட்டா கடிக்குமா?" என்று சிரித்தார். ஆனால் அதன்மேல் ஒரு பழைய டயரைக் கவிழ்த்து வைத்தார்.

ரேஞ்சரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் போய்ச் சொன்ன அன்றைக்கே ஜீப்பில் வந்தார். இரண்டு சாட்சிகளை வைத்து கிரில்லைக் கட்டி முத்திரை வைத்தார். ஹைதராபாத்தில் மிருகங்களின் மரபணுவைப் பார்த்துச் சொல்லும் ஆய்வகம் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவரே அவர்தான். முடியின் வேரிலிருந்து ஒன்று, தோலிலிருந்து ஒன்று எடுத்து ஒப்பிடுவார்கள். மனிதனுக்கு மனிதன் மாறுவது போலச் சிறுத்தைக்குச் சிறுத்தை மாறுமாம். இரண்டும் ஒன்றானால், வேன் அடித்தது இந்தச் சிறுத்தையைத்தான். "ரெண்டும் வேற வேறன்னு வந்துச்சுன்னா, நீங்க என்னை மறுபடி பார்க்க வரக் கூடாது" என்றார்.

இதற்குள் பாய்க்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் ரேஞ்சு ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். மண்டி முதலாளி, கேஸ் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தெருமுனை டீக்கடையில் இளவட்டங்கள் அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

"புலி பாய் வர்றாரு. ஆட்டையெல்லாம் புடிச்சிக் கட்டுங்கப்பா."

"ஆடு எதுக்கு கட்டணும்? அவரு ஆட்டை விட்டுட்டாரு. இப்ப எல்லாம் பெரிய ஐட்டம்தான்."

பாய் சிரித்துக்கொண்டே கடப்பார். சாயங்காலம் என் அறைக்கு வருவது நின்றுபோனது. நான் முன்பக்கம் போனால், "படிங்க சார், கேக்கறேன்" என்பார். படிப்பேன். நேற்று படித்ததையே படித்தால்கூட ஒன்றும் சொல்ல மாட்டார்.

தோலை ஆய்வகத்துக்கு அனுப்பும் நாள் நானும் ரேஞ்சு ஆபீசுக்குப் போனேன். ரேஞ்சர் மேசை முழுக்கச் சிறுத்தை விரிந்து கிடந்தது. முடி பளபளவென்று இருந்தது. ஓரத்தைத் தூக்கி உள்பக்கம் தடவினேன். பஞ்சு போல மெத்தென்று, வெளிர்நீலமாக இருந்தது.

"எப்படி இருக்கு சார்?" ரேஞ்சர் முகத்தில் பெருமை. "நாத்தம் தாங்கல. புழு வச்சிரும்னு பயமா போச்சு. தெரிஞ்ச டேனரில சொன்னேன். முடி போகாம ஃப்ரீயா போட்டுக் குடுத்தாங்க. பத்து வருஷம் ஆனாலும் இனிமே ஒண்ணும் ஆகாது."

தூக்கிய ஓரத்தைக் கீழே விட்டேன். அந்த டேனரியில் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் ஊறவைத்து உப்பையும் ரத்தத்தையும் கழுவியிருப்பார்கள். உள்பக்கச் சதையை வழித்திருப்பார்கள். அமிலத்தில் போட்டிருப்பார்கள். பிறகு குரோமியம், அந்த வெளிர்நீலம் அதனுடையது. என் வேலைக்காலம் முழுவதும் அதைத்தான் நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று சோதித்துச் சீட்டுக் கொடுத்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் சுருங்காத தோல். உயிரோடு இருந்ததன் அடையாளம் எதையும் அதில் விட்டுவைக்க மாட்டார்கள்.

"ஏன் சார், தப்பா?" என்றார் ரேஞ்சர்.

பாய் அழுகக்கூடாது என்று உரித்தார். ரேஞ்சர் அழுகக்கூடாது என்று பதனிட்டார். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்தால் வேறு மாதிரி புத்தி போகாது போலிருக்கிறது. "அனுப்பிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

நான் பயந்தபடியே பதில் வந்தது. கிரில்லிலிருந்த முடி ஆண் சிறுத்தையுடையது, வேர் நன்றாக இருக்கிறது. பதனிட்ட தோலில் ஒப்பிட எதுவும் கிடைக்கவில்லை. ரேஞ்சரிடம் எண் வாங்கி, எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆய்வகத்துக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள். நல்லவேளையாகத் தமிழ் தெரிந்தவள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. என் மகள் வயதுதான் இருக்கும்.

"தோலுல மூணு இடத்துல முயற்சி பண்ணிப் பார்த்தோம் சார். எல்லாம் துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு. சிறுத்தைன்னு சொல்லலாம், எந்தச் சிறுத்தைன்னு சொல்ல முடியாது. அந்த மிருகத்தோட வேற எதுவும் இருக்கா? பல்லு, எலும்பு, ரத்தம் பட்ட துணி?"

"உடல்மேல் ரோடு போட்டுவிட்டார்கள் அம்மா."

"ஐயோ" என்றாள். "எதாவது கிடைச்சா அனுப்பச் சொல்லுங்க. முடியைப் பத்திரமா வச்சிருக்கேன்."

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது. எதைப் பற்றி என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை பாய் கையெழுத்துப் போடப் போனபோது நானும் துணைக்குப் போனேன். ஆபீஸ் வராந்தாவில் ஐந்து நாய்கள் கூடியிருந்தன. வாட்சர் தடியால் தட்டித் துரத்திக்கொண்டிருந்தார்.

"எத்தினி வாட்டி தொரத்தினாலும் வருதுங்க. அந்தக் கோணிய நக்கறதுக்கு."

பெஞ்சுக்கு அடியில் அந்தக் கோணி கிடந்தது. டேனரிக்கு அனுப்பத் தோலை மட்டும் உருவியிருக்கிறார்கள். கோணி கைப்பற்றிய பொருள் என்பதால் எறியவும் முடியாமல், உடைந்த அரக்கோடும் சீட்டோடும் அப்படியே தள்ளிவிட்டிருந்தார்கள். நான் மண்டியிட்டுப் பார்த்தேன். அடியில் உப்பு கட்டிபட்டுக் கிடந்தது. சில கட்டிகள் பழுப்புச் சிவப்பு.

"பாய், உப்பு எவ்வளவு போட்டீங்க?"

"ஜாஸ்திதான் போட்டேன் சார். ஆட்டுக்குப் போடற மாதிரி ரெண்டு மடங்கு. ஏன்?"

தோலிலிருந்து இறங்குகிற ரத்தமும் நீரும் உப்பில்தான் சேரும். உப்பு அதைக் கெடவிடாது. அதற்காகத்தானே போடுகிறோம். அந்தக் கோணிக்குள் சிறுத்தை இன்னும் பச்சையாக இருந்தது.

ரேஞ்சர் தயங்கினார். கோணியை அனுப்ப வேண்டுமென்றால் கோர்ட்டில் கேட்க வேண்டும். தோல் ஏன் பதனிடப்பட்டது என்று மாஜிஸ்திரேட் கேட்பார். மெமோ வரும்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு சார்."

"தோல் பதனிட்டதென்று ஹைதராபாத்துக்காரர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் விஷம் வைக்கவில்லை என்றால், வைத்தவன் இன்னும் வெளியே இருக்கிறான். அடுத்த சிறுத்தைக்கும் வைப்பான்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"நாயை இன்னும் தள்ளித் தொரத்துய்யா" என்று வாட்சரிடம் கத்தினார். "அந்தக் கோணிய உள்ள கொண்டா."

அவருக்கு மெமோ வந்தது. அதை என்னிடம் அவர் குறையாகச் சொன்னதில்லை.

மழைக்காலம் தொடங்கியபின் அறிக்கை வந்தது. உப்பிலிருந்த ரத்தமும் கிரில்லிலிருந்த முடியும் ஒரே ஆண் சிறுத்தையினுடையவை. வேன் டிரைவரையும் கண்டுபிடித்தார்கள். மாடு என்று நினைத்ததாகவே கடைசிவரை சொன்னார். சிறுத்தையைக் கொன்றதாகப் பாய்மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். தாமதமாகத் தெரிவித்ததற்கு அபராதம் கட்டினார். விஷம் வைத்த ஆளை அடுத்த மாதம் வேறு ஒரு ஊரில் பிடித்தார்கள்.

கோர்ட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது பாய் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

"பாத்தீங்களா சார். நல்லா உரிச்சதுக்கு உள்ள போட்டாங்க. நல்லா உப்பு போட்டதுக்கு வெளிய விட்டாங்க."

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நினைத்தேன். மண்டியில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. டீக்கடையில் அறிக்கை வந்ததை நானே போய்ச் சொன்னேன். "அப்போ புலிய வேனு அடிச்சிச்சா? சரி சரி" என்றார்கள். மறுநாளும் அவர் பேர் புலி பாய்தான். டிசம்பரில் அரக்கோணத்துக்குப் போகிறோம் என்றார். மருமகனுக்கு ஸ்டேஷன் எதிரில் பிஸ்கட், பழம், தண்ணி பாட்டில் விற்கும் கடை இருந்தது. பன்னிரண்டு மூட்டைகள், ஒரு கட்டில், ஒரு மிக்ஸி. டெம்போவில் ஏற்றி முடித்ததும் அந்த அம்மாள் வாசலில் நின்று, "ஒடம்பப் பாத்துக்கோங்கண்ணா" என்றார். பாய் என் கையை ஒரு முறை பிடித்துவிட்டு டெம்போவில் ஏறினார்.

பொங்கல் கழிந்து நான் அரக்கோணம் போனேன். வேறு வேலை இருப்பது போலச் சொல்லிக்கொண்டுதான் போனேன். பைக்குள் ஆய்வக அறிக்கையின் நகல் இருந்தது. ரேஞ்சரிடம் கெஞ்சி வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். அவரிடம் அது இருக்க வேண்டும், பேத்தி பேரன் காலத்துக்கும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கடை சின்னது. பாய் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆப்பிளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான்கு வாடிக்கையாளர்கள், மருமகன், மருமகனுடைய அண்ணன். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். முகம் மலர்ந்தது, உடனே ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"யாரு மாமா?" என்றார் மருமகனின் அண்ணன்.

"ஆம்பூர்ல எங்க ஹவுஸ் ஓனர்" என்றார் பாய். "சாருக்கு ஒரு ஸ்டூல் போடு."

உட்கார்ந்தேன். டீ வந்தது. மகளைப் பற்றி, கடையைப் பற்றி, நிற்காமல் போகும் ரயில்களைப் பற்றிப் பேசினோம். நான் பையைத் திறந்து உறையை எடுக்கப் போனேன். அவர் கை என் கைமேல் வந்து அமர்ந்தது. லேசாகத்தான் வைத்தார்.

"இங்க எடுக்காதீங்க சார்."

"நீங்கள் நிரபராதி என்றுதானே இதில் இருக்கிறது."

"கேஸ் இருந்துச்சுன்னும் இருக்குதே சார்." குரல் வெளியே கேட்காத அளவுக்குச் சொன்னார். "இங்க யாருக்கும் தெரியாது. பேத்திக்கு அடுத்த வருஷம் கல்யாணம் பேசணும்னு இருக்காங்க."

பையை மூடினேன். அவர் நாலு ஆப்பிளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ரயில் வந்து கூட்டம் இறங்கியது. "மாமா, தண்ணி பாட்டில்" என்று உள்ளிருந்து கத்தினார்கள். "வர்றேன் சார், பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் கையால் ஒரு தடவு தடவித்தான் கொடுத்தார்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே உட்கார்ந்த பெண் தன் குழந்தை ஆப்பிள் வேண்டுமென்று அழுகிறது என்றாள். நாலையும் கொடுத்துவிட்டேன். பையில் அறிக்கை மட்டும் மிஞ்சியது. அதை இப்போது யாரிடம் கொடுப்பது என்று ஆம்பூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.